படம், பாங்

பாய லேபார் நிலையம் தாண்டினால் அந்தப் புல்தரை.
ஞாயிறு மதியம் அதற்குக் கறுப்பு நிறம்.
முள்வேலியைப் பிய்த்துப் போட்டதுபோல் எழுத்துள்ள சட்டைகள்,
யாராலும் படிக்க முடியாத இசைக்குழுப் பெயர்கள்,
முழங்கால்வரை பூட்ஸ்,
ஊசி குத்திய முக்காடு.
கிழக்கு ஜாவாவிலிருந்து வந்து
ஆறு நாள் அடுத்தவர் தரையைத் துடைக்கும் பெண்கள்
ஏழாம் நாள்
ஒரு புளூடூத் பெட்டியைச் சுற்றி நின்று
தலையைச் சுழற்றுகிறார்கள்.

நான் பஃபலோ ரோட்டில் பாஸ்போர்ட் படம் எடுக்கிறவன்.
காது தெரியணும், பல் தெரியக் கூடாது,
கண்ணாடியைக் கழற்றுங்க, நேரா பாருங்க.
நாளைக்கு நாற்பது முகம்.
இங்கே வருவது அதற்குப் பரிகாரம் என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்று வாரம் கேமரா பைக்குள்ளேயே இருந்தது.
நாலாம் வாரம் எடுத்ததும் எல்லோரும் வரிசையில் நின்றார்கள்.
வேண்டாம், நீங்கள் பாட்டுக்கு இருங்கள் என்றேன்,
அரைகுறை மலாயில்.
அவர்கள் பாட்டுக்கு வரிசையில் நின்றார்கள்.
இரண்டு விரல், புன்னகை, புதுக் கைப்பை முன்னால் தெரிய.
ஊருக்கு அனுப்பணுமாம்.
பின்னால் இருக்கும் குப்பைத்தொட்டியைத் தூக்கிவிட்டு
மெர்லயன் வைக்க முடியுமா என்றாள் வினார்த்தி.
எடுத்தேன், மனசில்லாமல்.
இதில் கலை இல்லை என்று நினைத்தது
ஒரு பாஸ்போர்ட்காரன், பாருங்கள்.

நான் காத்திருந்தது வேறொன்றுக்கு.
மழை வருவதுபோல் இருட்டிய ஒரு மூன்று மணிக்கு
யாத்மி தலையைச் சுழற்றிய வேகத்தில் ஊசி தெறித்து
முக்காடு தோளில் விழுந்தது.
கூந்தல் மொத்தமும் வட்டமாக எழுந்து,
கண் மூடி, வாய் திறந்து,
மேலே பாலத்தில் போன ரயிலும் நின்றுபோய்,
ஐந்நூறில் ஒரு பங்கு நொடி.
திரையில் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது.

அவளும் பார்த்தாள்.
பெரிதாக்கிப் பார்த்தாள்.
பிறகு, "படம், பாங்" என்றாள்.

படம்தான் என்றேன், தமிழில், பெருமையோடு.

"படம்" என்றாள் மறுபடி,
திரையை விரலால் துடைத்துக் காட்டி.
எட்டு வருசமாக இந்த ஊர் மலாய் அவள் நாக்கில்.
அதில் அந்தச் சொல்லுக்கு
அழி என்று பொருள்.

ஏன் என்று கேட்கவில்லை.
கேட்டிருந்தால் அந்தக் காரணத்தையும்
எடுத்துக்கொண்டு போயிருப்பேன்.
அவள் கண்முன்னால் அழித்தேன்.
"தெரிமா காசி" என்றாள்.

அழித்ததை மீட்க மென்பொருள் உண்டு.
கடையில் அதற்கு இருபத்தைந்து வெள்ளி வாங்குகிறோம்.
அதைச் சொல்லவில்லை.

செவ்வாய் இரவு ஷட்டரை இறக்கிவிட்டு அட்டையைச் செருகினேன்.
நினைத்ததைவிட நன்றாக இருந்தது.
ஊசிகூட இருந்தது, இடது மூலையில்,
காற்றில், கொசு அளவு.
சேமிக்கவா என்று கேட்டது கணினி.
அந்தக் கேள்வியைத் திறந்துவைத்துக்கொண்டு
ஒரு தேத்தண்ணி குடித்தேன். இன்னொன்றும் குடித்தேன்.
போட்டிக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

புதன் காலை முதல் ஆளாக
ஒரு பங்களாதேஷ்காரர் வந்தார், சட்டையில் இஸ்திரி மடிப்போடு.
வேறு அட்டை மேசையில் இருந்தது.
இதையே போட்டேன்.
காது தெரியணும். நேரா பாருங்க.
அடுத்து ஒரு கைக்குழந்தை, முதல் பாஸ்போர்ட்,
கண்ணைத் திறக்கவே மாட்டேன் என்று பதினேழு தடவை.
அப்புறம் ஒரு கல்யாணத் தம்பதி, ஒரு மாலுமி,
அப்புறம் யார் யாரோ.
வியாழன் மாலை இடமில்லை என்றது அட்டை.
எந்த முகம் அவள் கூந்தல்மேல் போய் உட்கார்ந்ததோ.
அந்தக் குழந்தையாக இருந்தால் தேவலை.

ஞாயிற்றுக்கிழமை
மெர்லயன் வைத்த படத்தைக் கொண்டுபோனேன்.
எல்லோரும் தண்ணீரில் நிற்பதுபோல் வந்திருக்கிறது என்று
உருண்டு உருண்டு சிரித்தார்கள்.
ஆளுக்கு இரண்டு பிரதி கேட்டார்கள்.
யாத்மி ஒன்றும் கேட்கவில்லை.
பாட்டு ஆரம்பித்தது. தலையைச் சுழற்றினாள்.
முக்காட்டில் இப்போது
இரண்டு ஊசி.