பன்னிரண்டாயிரத்து எண்ணூறில் எடுத்த மான்

படத்துக்கு இரைச்சல் உண்டென்று
சுகிர்தன் சொன்னபோது சிரித்தேன்.
கடதாசிக்கு வாய் இருக்கிறதா என்றேன்.

பிறகு ஒருநாள் டச்சுக்குடாப் பக்கம்
கடைசி பஸ்ஸும் போய்விட்ட நேரம்
குப்பைத்தொட்டிக்குள் தலையை விட்டு
மிக்சர் பையை இழுத்துக்கொண்டு நின்றது
ஒரு புள்ளிமான்.
தெருவிளக்கு எரிவதா வேண்டாமா என்று
யோசித்துக்கொண்டிருந்தது.
கமராவைப் பன்னிரண்டாயிரத்து எண்ணூறுக்கு ஏற்றி
மூச்சைப் பிடித்து ஒன்று எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து பெருப்பித்துப் பார்த்தால்
கடல் இருக்க வேண்டிய கறுப்பில்
சிவப்பும் பச்சையும் ஊதாவுமாய்
யாரோ கலர்ச்சீனி கொட்டியிருக்கிறார்கள்.

இதுதான் அது.
காதை மூடினாலும் கேட்கும்.

முதல் மென்பொருள் இலவசம்.
டொங்கிளை யன்னல் கம்பியில் கட்டிவைத்து
இரவு முழுக்க இறக்கினேன்.
அது மானைக் கழுவித் துடைத்து
எண்ணெய் பூசி நிறுத்தியது.
கார்னிவல் கடையில் காற்றடித்து விற்பார்களே,
அதைப்போல ஒரு மான்.

இரண்டாவது முப்பது நாள் பாவித்துப் பார்க்கலாம்.
அதுவரை படத்தின் குறுக்கே
தன் பெயரைத் தானே எழுதிக்கொள்ளும்.
அதற்குத் தெரிந்த நியாயம் ஒன்றுதான்:
புள்ளி என்றால் பிழை.
கடலில் இருந்த புள்ளியை எடுத்தது. நல்லது.
கோட்டைச் சுவரில் இருந்ததை எடுத்தது.
பரவாயில்லை, அது பாசியாகவும் இருக்கலாம்.
பிறகு மான்மேல் ஏறியது.
நாற்பதில் பாதி மான்.
எழுபதில் கன்றுக்குட்டி.
நூறுக்குத் தள்ளினேன், ஒரு விசர்தான்,
மண்ணிறச் சாக்கு ஒன்று
நாலு காலில் நின்று
மிக்சர் தின்றது.

இத்தனைக்கும் நடுவே மடிக்கணினியின் விசிறி
இறக்கண்டி பஸ்போல இரைந்தது.
இரைச்சலை எடுக்க இவ்வளவு இரைச்சல்.

மூன்றாவது டொலரில்.
ரூபாவுக்கு மாற்றிப் பார்த்துவிட்டு
கல்குலேட்டரைக் கவிழ்த்து வைத்தேன்.
"இப்ப எல்லாரும் இதுதான்" என்றான் சுகிர்தன்,
உப்புவெளி ஹோட்டல்களில் கல்யாணம் எடுக்கிறவன்.
அவனுடைய கணினியில் போட்டான்.
மான் வந்தது, மயிர் மயிராக,
இமை வைத்து,
பின்தொடையில் மூன்று புள்ளி கூடுதலாக.
"இது எங்கால?"
"அது லட்சம் மான் பாத்திருக்கடாப்பா."
"இதைப் பாக்கேல்லையே."
அவன் பதில் சொல்லவில்லை.
ஏற்றுமதி அறுபது வீதத்தில் நின்றது.

அந்தக் கிழமைதான் பஸ்மியா வந்தாள், கிண்ணியாவிலிருந்து.
கல்யாணப் படம். மின்சாரம் போய்
ஜெனரேட்டர் வெளிச்சத்தில் யாரோ எடுத்தது.
கன்னத்தில் கலர்ச்சீனி,
அதற்குக் கீழே அம்மைத் தழும்பு.
மானை நினைத்துக்கொண்டு
இதை மட்டும் விடுவோமா என்று கேட்டேன்.
"ஏன் விடணும்?
எல்லாத்தையும் எடுத்திருங்க.
பதிமூணு வருசமாச் சுமக்கிறன்,
சுவரிலயும் சுமக்கவா?"

எடுத்தேன்.
மூன்றாவதால்தான் எடுத்தேன், சுகிர்தனிடம் போய்.
அவள் நெடுநேரம் பார்த்தாள்.
காசைக் குறைக்கச் சொல்லாமல் தந்தாள்.
அதோடு இன்னும் இரண்டு வேலைக் காசைச் சேர்த்து
உரிமத்தை வாங்கிவிட்டேன்,
எல்லாரையும்போல.

மானை மட்டும் இன்னும் முடிக்கவில்லை.
பத்தில் வைத்தால் கடல் இரைகிறது.
இருபதில் மான் மங்குகிறது.
பதினான்கு, பதினைந்து என்று
விரல் சுட்டியில் நிற்கிறது.
மூன்றாவதிடம் கேட்கலாம், கேட்டால்
எனக்குப் பிடித்த மாதிரி ஒன்றைச் சொல்லும்.

நேற்று இரவு திரும்பவும் போனேன், கமரா இல்லாமல்.
நின்றது. அதுவா வேறொன்றா தெரியாது.
ஓட்டோ ஒன்றின் முகப்பு வெளிச்சத்தில்
இடப்பக்க விலாவில் எண்ணத் தொடங்கி
இருபத்தேழு வரை வந்தேன்.
திரும்பிக்கொண்டது.