கவுன்சிலருக்கு ஒரு வீடு

வீட்டுப் பத்திரத்தில் அவர் இல்லை.
சமையலறை அலமாரி, கராஜ் கதவு, வடக்கு மூலை எலுமிச்சை
எல்லாம் இருந்தன பட்டியலில்.
சாவி வாங்கிய மூன்றாம் நாள்
வெட்டாத புல்லுக்குள்ளிருந்து
கறுப்பும் மஞ்சளுமாக ஒரு பாறை நடந்து வந்து
தயாளனின் செருப்பை முகர்ந்தது.

எதற்கும் அசைவதில்லை.
கீரையை நீட்டினால் மட்டும் தலை வெளியே வரும்.
கவுன்சிலர் என்று பேர் வைத்தோம்.
இரண்டு முறை வரிசையில் நின்று
வளர்ப்பதற்கு அனுமதிச் சீட்டு வாங்கினோம்.
எங்கள் கல்யாணச் சான்றிதழைவிட அதில் முத்திரை அதிகம்.

ஜூனில் லெனேசியா வெளுத்துப்போகும்.
விடிகாலைப் புல் காலடியில் கண்ணாடித் தூளாய் நொறுங்கும்.
மூன்று குளிர்காலம் கராஜில், அட்டைப்பெட்டியில் ஓட்டினார்.
இந்த வருஷம் கராஜ் முழுக்கப் பட்டறைச் சாமான்.
டிங்கரிங் பட்டறையை மூடி
தயாளனுக்கு வேலை போனதும் இந்த ஜூனில்தான்.

செத்துப்போன ஃப்ரிட்ஜை மல்லாத்திப் போட்டார்.
பதினாறு வருஷம் நம் தயிரைக் குளிரவைத்த பெட்டி
இனி சூட்டைப் பிடித்துவைக்கட்டும் என்றார்.
சுவருக்குச் சூடும் குளிரும் ஒன்றுதானாம்,
உள்ளே இருப்பதை வெளியே விடாது, அவ்வளவே.

செங்கல்மேல் ஏற்றி, பக்கவாட்டில் வாசல் அறுத்து
(ஓட்டின் உயரம், அதோடு நாலு விரல்),
கசாப்புக்கடைக் குளிரறையில் தொங்குமே
அந்த மாதிரி பிளாஸ்டிக் நாடா.
வைக்கோல் ஒரு சாண்.
கம்பிவலைக்குள், வெளிச்சம் தராத பல்பு,
சூடு மட்டுமே அதன் தொழில்.
இருபதுக்குக் கீழே போனால் தானே விழித்துக்கொள்ளும்.
ஜன்னல் வழியாகப் போன வயருக்கு
தோட்டக் குழாயை நறுக்கி ஒரு சட்டை.

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும், என்று
ஆக்டன்வில்லிலிருந்து நாத்தனார் ரூபினி போனில் தொடங்கினாள்.
உருப்படாது என்பதை
எனக்காக விட்டுவைத்தாள்.
புகவில்லை, ரூபினி. அதற்குத் தனி வீடு,
எங்களுடையதைவிடக் கதகதப்பு.

பொய்யில்லை. நாங்கள் ஹீட்டர் போடுவதில்லை.
மூன்று கம்பளி, ஒரே கட்டில், நடுவில் மகன்.
இரவு இரண்டு மணிக்கு இவர் எழுந்துபோய்
தெர்மாமீட்டர் பார்த்துவிட்டு வருவார்.
இருபத்தொன்று என்பார்,
சம்பளம் வந்ததைச் சொல்லும் குரலில்.

ஜூலையில் ஒரு நாள் நீல மேலங்கியில் மாநகராட்சி ஆள்.
கையில் மூன்று மாத பாக்கிக் காகிதம்.
வயரைப் பார்த்ததும் புருவம் ஏறியது.
யாருக்கு இழுத்திருக்கிறீர்கள், கொல்லையில் வாடகைக்கு ஆளா?
ஆமாம், என்றார் தயாளன். கவுன்சிலர்.

ங்கோபெனி என்று சட்டையில் பேர்.
அவர் சிரிக்கவில்லை. மூடியைத் தூக்கினார்.
வைக்கோல் வாசத்தோடு சூடு முகத்தில் ஏறியது.
கையுறைகளைக் கழற்றி
உள்ளங்கைகளைப் பெட்டிக்குள் நீட்டி
கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.
காலை ஐந்திலிருந்து வெளியே நிற்கிறேன், என்றார்.
பிறகு மூடியைச் சாத்திவிட்டு
வாசலுக்குப் போய் மின்சாரத்தை வெட்டினார்.
கையெழுத்துப் போடப் பேனாவும் அவரே தந்தார்.

பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்
சூரியன் இறங்கியது.
பதினெட்டு. பதினாறு. பதினைந்தரை.
மகன் வாய்விட்டுப் படித்துக்கொண்டேயிருந்தான்.
பதினொன்றில், எதுவும் சொல்லாமல்,
தயாளன் குனிந்து தூக்கினார்.
பதினாலு கிலோ. கால்கள் காற்றில் நீந்தின.
இவர் ஸ்வெட்டர் முழுக்க மூத்திரம் பெய்தார் கவுன்சிலர்.

அப்படியாக ஒரே நாளில் இரண்டு பேரும் புகுந்தார்கள்.

கேஸ் அடுப்பில் வெந்நீர் வைத்து, கோலா பாட்டில்களில் ஊற்றி,
துண்டு சுற்றி அவருக்கு இரு பக்கமும் அடுக்கினோம்.
மிச்ச பாட்டில்கள் எங்கள் கம்பளிக்குள்.
ரூபினி கூப்பிட்டாள். எடுக்கவில்லை.
சார்ஜ் நாலு சதவீதம்.
இருட்டில் ஓடு சுவரை உரசும் சத்தம்,
யாரோ மேஜையை நகர்த்துவது போல.
எங்கேப்பா போறார், என்றான் மகன்.
தெரியல.

காலையில் பார்த்தால்
பாட்டில்களையெல்லாம் உருட்டிவிட்டு
சமையலறையில் இருந்தார்.
பழைய ஃப்ரிட்ஜ் நின்ற இடம்,
இன்னொன்று வாங்காததால்
தரையில் இன்னும் சதுரமாய் வெளுத்திருக்கிறது.
சரியாக அதன்மேல்,
தலையை உள்ளே இழுத்துக்கொண்டு.