இருபது மில்லியன் குடித்தனம்

பீல் நகரம். நவம்பர். நாலரைக்கே தெருவிளக்கு.
ஏஷ்லிமான் அம்மா கண்ணாடி மேசையில்
பழைய கேமரா இரண்டை வைத்தாள்.
இரண்டிலும் இருபது மெகாபிக்சல்.
பிறகு ஏன் ஒன்று முந்நூறு ஃபிராங்க்,
மற்றது ஆயிரத்து நூறு?

அவள் சுண்டுவிரல் நகத்தைக் காட்டினாள்:
சின்னதற்குள் இருப்பது இவ்வளவுதான்.
பெரியதின் லென்ஸைத் திருகிக் கழற்றினாள்.
உள்ளே, தொட்டால் கோபிக்கும் மினுக்கத்தோடு
தபால்தலை அளவில் ஒரு சென்சார்.

எனக்கு வாடகை வீடுதான் நினைவு வந்தது.
இருபது மில்லியன் குடித்தனத்தை
நகத்தளவு மனையில் அடுக்கினால்
ஆளுக்கு எவ்வளவு ஜன்னல் கிடைக்கும்?
பகலில் தெரியாது.
இருட்டியதும்
சுவருக்குச் சுவர் முணுமுணுப்பு.

அடையாள அட்டையை ஈடு வைத்தேன்.
ஆறு மணிவரை
கழுத்தில் ஒன்று, கையில் ஒன்று.

ரயில் நிலைய வாசலில் நிரோஜினி வந்தாள்,
கடிகாரத் தொழிற்சாலையில்
நாள் முழுக்கப் பல்சக்கரம் பார்த்த கண்ணோடு.
அசையாதே என்றேன்.
சின்னதில் ஒன்று எடுத்தேன். பெரியதில் ஒன்று.
பெஞ்சில் உட்கார்ந்து பெரிதாக்கிப் பார்த்தோம்.

சின்னதில் தங்கையின் கறுப்புக் கோட்டு கறுப்பாக இல்லை;
சிவப்பும் பச்சையுமாய்
யாரோ கலர் சீனி தூவியிருந்தார்கள்.
கன்னம் மெழுகு.

பெரியதில் கறுப்பு, கறுப்பு.
கோட்டில் ஒட்டிய பூனைமுடி,
இடது கண்ணின் ஈரம்,
எல்லாம் எண்ணி எடுக்கலாம்.
காது மட்டும் கரையத் தொடங்கியிருந்தது.
காதுக்குப் பின்னால் ஊரே இல்லை,
மஞ்சள் வட்டம், நீல வட்டம்,
நெட்டுக்கு ஒரு பழுப்புக் கறை.

அந்தக் கறையைச் சின்னதில் தேடினேன்.
புள்ளிபுள்ளியாய், ஆனாலும் முழுசாய்
பழுப்பு ஜாக்கெட்டில் ஒருவன்.
தாடி. கையில் காபிக் கோப்பை.
இரண்டு கையிலும்.
பார்வை நேராக எங்கள் பக்கம்.

"சின்ன சென்சார் என்றால்
கிட்டமும் தூரமும் ஒரே தெளிவில்..."
தொடங்கிய பாடம் தொண்டையில் நின்றது.
நிமிர்ந்தேன். அங்கே யாரும் இல்லை.
குப்பைத்தொட்டி மூடிமேல்
ஆவி பறக்க ஒரு கோப்பை.

நிரோஜினி திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.
"அண்ணா, பெரியதையே வாங்கு."
"விலை?"
"கறுப்பு கறுப்பாய் இருக்க வேண்டாமா?"

ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்கக் கடைக்கு ஓடினோம்.
மூன்று தவணை என்றாள் ஏஷ்லிமான் அம்மா.
முதல் தவணையை
நான் பையில் கைவிடுமுன்
அவளே கட்டினாள்.