நீல டோக்கன்

பெரும்பாக்கத்தில் எங்கள் ஆறாவது மாடி வரைக்கும்
சாப்பாட்டு மணி கேட்கும்.
பன்னிரண்டரைக்குத்தான் பந்தி.
பன்னிரண்டு பத்துக்கே லிஃப்ட் வாசலில்
வாக்கர்கள் ஒன்றோடொன்று இடிக்கும்.
யாருக்கும் அவ்வளவு பசியில்லை.
வேறு வேலையும் இல்லை.

மஞ்சள் டோக்கன் சர்க்கரைக்காரர்களுக்கு.
நீலம், உப்பு குறைக்கச் சொன்னவர்களுக்கு.
வெள்ளை என்றால் எதையும் தின்னலாம்.
மொத்தமே மூன்று பேரிடம் வெள்ளை;
சட்டைப்பையில் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.
எனக்கு நீலம்.

நாலாம் மேஜை.
எதிரே எப்சிபா டீச்சர்.
அவர் கண்மூடி ஜெபம் முடிப்பதற்குள்
அவருடைய அப்பளத்தை ஈஸ்வரமூர்த்தி நொறுக்கிவிடுவார்.
தின்ன அல்ல,
பல்செட் கைக்குட்டையில் இருக்கிறது;
சத்தத்துக்கு.

வந்த புதிதில் என்னால் உட்கார முடியவில்லை.
எங்காவது கரண்டி வாளியில் மோதினால்
எழுந்துவிடுவேன்.
'உக்காரு அம்மா' என்றான் தபன்,
கஞ்சம் மாவட்டத்துப் பையன், இருபத்திரண்டு வயது,
மரியாதை விகுதிகள் இன்னும் படியாத தமிழில்.
நாற்பத்தொரு வருஷத்தில்
அந்த வார்த்தையை யாரும் என்னிடம்
சோற்றுக்கு முன்னால் சொன்னதில்லை.

உட்கார்ந்தேன்.
சூடு விரல்களுக்கு மட்டுமல்ல
நாக்குக்கும் உண்டு என்பது
எழுபத்தோராம் வயதில் தெரிந்தது.

நங்கநல்லூர் வீட்டில் அவர்
ஒரு நாளும் குறை சொன்னதில்லை.
எல்லாரும் அதைப் பெருமையாகச் சொல்வார்கள்.
தட்டை மட்டும் ஒரு விரல் தூரம்
தள்ளி வைப்பார்.
நான் ஃப்ரிஜ்ஜுக்கும் கதவுக்கும் நடுவே நின்று
அந்த ஒரு விரலைப் படிப்பேன்.
உப்பா, புளியா, நேற்றைய கோபமா.

போன வியாழக்கிழமை ரசம்.
ஒரு வாய் வைத்தேன்.
'உப்பே இல்லை.'
சொன்னது நான்தான்.
இவ்வளவு சத்தமாக வரும் என்று நினைக்கவில்லை.
ஆமென் பாதியில் நிற்க டீச்சர் கண்ணைத் திறந்தார்.
மாவடு ஜாடியை மடியில் ஒளித்திருந்த ஒன்பதாம் மேஜை
எனக்காகக் கை தட்டியது.
நன்றாக இருந்தது.
நீல டோக்கனுக்கு உப்பு எப்படி இருக்கும்
என்பதெல்லாம் அப்போது தோன்றவில்லை.
இன்னொரு முறை சொன்னேன்.

பிறகு பார்த்தேன்,
தட்டு தள்ளிப் போயிருந்தது.
ஒரு விரல்.

தபன் வாளியோடு நின்றான்.
என் முகத்தைப் பார்க்கவில்லை.
தட்டைப் பார்த்தான்.

மத்தியானம் தூக்கம் வரவில்லை.
ஜன்னலில் சதுப்பு நிலம்,
கூழைக்கடாக்கள் தங்கள் பாட்டுக்கு மேய்ந்தன,
எந்த மணிக்கும் காத்திராமல்.
கீழே போய்ப் புகார் நோட்டைப் பிரித்தேன்.
'சட்னியில் தண்ணீர் அதிகம்.
ஈஸ்வரமூர்த்தி, குடிநீர் வாரியம் (ஓய்வு).'
அதற்குக் கீழே 'ரசம்' என்று எழுதினேன்.
மேலே ஓடவில்லை.
பேனா கயிற்றில் கட்டியிருந்தது,
அப்படியே தொங்கவிட்டு வந்துவிட்டேன்.
மறுநாள் அதற்கு மேனேஜர்
பச்சை மையில் பதில் போட்டிருந்தார்:
'கவனிக்கப்படும்.'

வெள்ளிக்கிழமை,
நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பிய நேரம்
ஒரு சின்ன டம்ளர் என் தட்டருகே வந்தது.
எனக்கென்று தனியாக.
குடித்தேன்.
திருவான்மியூர்க் கடலில் விழுந்தபோது
மூக்கில் ஏறியதே, அந்த உப்பு.
அவன் தூணோரம் நின்றான்,
தோளில் துண்டு.
எப்படி என்று கேட்கவில்லை.
நானும் கேட்டதில்லையே.

டம்ளரை
ஒரு விரல் தூரம்
என் பக்கம் இழுத்தேன்.
'இன்னொரு கரண்டி ஊத்துப்பா.'

சாயங்காலம் நர்ஸ் கையில் பட்டையைச் சுற்றிக்
காற்றடித்தாள்.
நூற்றைம்பத்தெட்டு.
இன்னொரு தடவை அடித்தாள்.
'என்னம்மா சாப்பிட்டீங்க இன்னைக்கு?'

'நீலம்தான்' என்றேன்.