நாளைக்கு ஒன்பது பேர்

நாளைக்கு ஒன்பது பேர்.
ஒன்பது ஹெல்மெட், ஒன்பது லைஃப் ஜாக்கெட்,
கம்பூட்ஸ் மட்டும் பத்து ஜோடி.
யாராவது ஒருவர் கால் அளவைத் தப்பாகத்தான் சொல்லியிருப்பார்.

மாலை நாலு மணியிலிருந்து மழை.
துரியால்பாவில் மழை வந்தால் யாரும் பேசுவதில்லை.
விட்டால்தான் வெளியே வந்து வானத்தைப் பார்ப்போம்,
ஏதோ தவறு நடந்துவிட்டதுபோல.

தகரக் கொட்டகை, மேசை விளக்கு,
காயாத ரப்பர் படகின் நாற்றம்.
அருவியில் இறங்கும் கயிற்றை
முழம் முழமாக விரலிடுக்கில் ஓட்டுகிறேன்.
கண் விட்டதை விரல் பிடிக்கும்.
நாற்பதாவது மீட்டரில் மெத்தென்று ஓர் இடம்,
கனிந்த வாழைப்பழத்தில் பெருவிரல் பட்டாற்போல.
வெளியே ஒரு நூல்கூடப் பிரிந்திருக்கவில்லை.
அங்கேயே வெட்டினேன்.
ஒரு துண்டு துணி காயப்போட,
இன்னொன்று கிரேவின் வீட்டு மாட்டுக்கு.

படிவங்கள்.
எடையில் நாலு கிலோ குறைப்பார்கள்,
நீச்சலில் அதைக் கூட்டிக்கொள்வார்கள்.
ஜிப் லைன் பிரேக்குக்குப் பொய் தெரியாது,
அதற்கு என் கணக்கு வேறு.
ஒவ்வாமை: இறால். தேனீ.
ஒருவர் ‘அதிகாலை’ என்று எழுதியிருக்கிறார்.
தேனீக்காரிக்கு ஊசி மருந்து இரண்டு.
ஒன்று கிரேவின் பையில், ஒன்று யென்ட்ரி பையில்.
இரண்டு பையும் ஒரே படகில் ஏறக் கூடாது,
படகு கவிழும்.
கவிழுமா என்று கேட்காதீர்கள்,
பக்குவாரே ஆறு பதில் சொல்கிற ஆறல்ல.

எல்லாரும் கேட்பது பாம்பைப் பற்றித்தான்.
இருக்கிறது. ‘வெல்வெட்’ என்பது இங்கே அதன் பெயர்.
தொட்டுப் பார்த்தவன் வைத்த பெயராக இருக்காது.
என் பயமெல்லாம் ஈரக் காலுறையில்,
இரண்டாம் நாள் குதிகால் கொப்புளத்தில்,
கிரேவின் வாயைத் திறக்கும் முன்பே
‘தெரியும் தெரியும்’ என்று தலையாட்டுகிறவரிடம்.

பாலத்தூணில் சிவப்புக் கோடு ஒன்று உண்டு.
கிரேவின் டார்ச்சோடு போய்ப் பார்த்துவிட்டு
சாலையிலிருந்தே கத்துகிறான்:
“கோட்டுக்கு ஒரு சாண்!”
தண்ணீர் கோட்டைத் தொட்டால் படகு இல்லை,
காட்டு நடையும் கயிறும்தான்.
பணம் திருப்பிக் கேட்பார்கள்.
கேட்கட்டும்.

ஒன்பதாவது படிவம்.
வெய்க்கோ, அறுபத்து மூன்று, பின்லாந்து.
எடை நேர்மையாகத்தான் தெரிகிறது.
நீச்சல்: சுமார்.
ஆபத்தென்றால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும்?
அதற்கு எதிரே ஓர் எண்.
எங்கேயோ பார்த்த எண்.
பிறகு புரிந்தது, எங்கள் எண்.
இதோ, பூச்சி மருந்துப் புட்டிக்குப் பக்கத்தில்
முகம் விரிசல் விட்டுக் கிடக்கிற
இந்தத் தொலைபேசியின் எண்.

சிரித்தேன். படிவத்தின் தலைப்பைப் பார்த்து
இடம் மாற்றி எழுதிவிட்டார் மனிதர்.
அப்புறம் அடுத்த கட்டத்தைப் பார்த்தேன்.
உறவு முறை:
‘பயண ஏற்பாட்டாளர்.’
அவசரமில்லாத கையெழுத்து,
ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக.

ஆக, அந்த மனிதர் பாறையில் சறுக்கினால்
மணி இங்கேதான் அடிக்கும்.
மேட்டில் சிக்னல் கிடைக்கிற இடத்தில் நின்று கிரேவின்
படிவத்தில் உள்ள எண்ணை அழுத்துவான்.
நான் எடுப்பேன்.
“நிடியா, நீயா?” என்பான்.
நான்தான் என்பேன்.
வேறு யாரிடம் சொல்வது என்று
இரண்டு பேரும் கொஞ்ச நேரம்
மழையைக் கேட்டுக்கொண்டிருப்போம்.

அவருக்கென்று தனி ஹெல்மெட் எதுவும் எடுத்து வைக்கவில்லை.
எல்லா வாரும் ஒரே வார்தான்,
எல்லாவற்றையும் இழுத்துப் பார்த்தாகிவிட்டது.

தொலைபேசியில் சார்ஜ் ஒன்பது சதவீதம்.
கொட்டகையில் பிளக் ஒன்றே ஒன்று.
விளக்கைப் பிடுங்கிவிட்டு அதைச் செருகினேன்.

இன்னும் இரண்டு கயிறு பாக்கி.
இருட்டிலேயே ஆரம்பித்தேன்.