அரை மில்லிமீட்டர் இப்பால்

நருமி தெத்சுகோவின் கீழுதட்டில்
ஒரு வெள்ளைக் கொக்கி.
நாற்பது வருஷம் தூண்டில் போட்டவர்;
இன்று மாட்டியிருப்பது அவர் வாய்.
அவரே சொல்லிச் சிரித்திருப்பார்,
ரப்பர் விரிப்பு மூடாதிருந்தால்.

ஹகோதாதே. டிசம்பர். சன்னலுக்கு வெளியே டிராம்
பனியை அரைத்துக்கொண்டு போகிறது.
உள்ளே கீழ்த்தாடை, இடப்பக்கம், முதல் கடைவாய்ப்பல்:
மூன்று கால்வாய். மூன்றிலும் இருட்டு.

மருத்துவர் சகுமா ஹத்சுயே
ஊதாக் கைப்பிடி ஊசியை உள்ளே விடுகிறாள்.
மயிரிழை என்போமே, நிஜமாகவே அவ்வளவுதான் நுனி.
ஊசியிலிருந்து ஒரு கம்பி, கொக்கியிலிருந்து ஒரு கம்பி,
நடுவில் ஆள்.
ஆள்தான் மின்சுற்று.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்.
இங்கே விட்டுப் பார்க்காமல் ஆழம் தெரியாது.

எக்ஸ்ரே சொன்னது இருபத்திரண்டு.
ஆனால் படம் தட்டை, பல் தட்டையில்லை.
வேர் முடிகிற இடத்திலேயே கால்வாய் முடிய வேண்டுமென்று
சட்டமா இருக்கிறது?
சில வேளை கடைசிச் சந்தில் திரும்பி
பக்கவாட்டில் வாசல் வைத்திருக்கும்.
அந்த வாசலைக் கண் அறியாது.
தடை அறியும்.

கிழவரோ பள்ளிப்பிள்ளையோ, கோரைப்பல்லோ கடைவாயோ,
அந்த வாசலில் மின்சாரம் சந்திக்கும் தடை
ஏறக்குறைய ஒன்றே:
ஆறாயிரத்து ஐந்நூறு ஓம்.
ஓம். தமிழில் சிலருக்கு அது சம்மதச் சொல்.
எவர் வாயிலும் உடம்பு
அதே அளவில்தான் சம்மதிக்கிறது.

முதல் தடவை கருவி பொய் சொன்னது.
பழைய உலோகக் கிரீடத்தை ஊசி உரச,
நுழையுமுன்பே வந்தாயிற்று என்று வீறிட்டது.
சகுமா துடைத்தாள், உறிஞ்சச் சொன்னாள்,
காகிதக் குச்சியால் ஈரம் ஒற்றினாள்.
மறுபடி.

பீப்.

பீப்.
பீப். பீப்.
பச்சைக் கோடுகள் ஒவ்வொன்றாய் ஏற
பீப்பீப்பீப்

நருமியின் கை எழுந்தது.

அவள் அப்படியே நின்றாள். வலியா?
இல்லையென்று தலை அசைந்தது.
விரிப்புக்கு அடியிலிருந்து ஏதோ:
"இஹா."
என்ன?
"இஹா. இஹா."
உறிஞ்சுகுழாய் பிடித்திருந்த மிஃபுயு,
மீன்சந்தைக்குப் பின்வீட்டுக்காரி, சொன்னாள்:
"இகா என்கிறார். கணவாய்."

கை இப்போது காற்றில் எதையோ பின்னுக்கு இழுத்தது,
படகின் வேகம் குறைக்கிற மாதிரி.
அவருடைய படகில் ஆழம் பார்க்கும் பெட்டி
இதே சுருதியில்தான் கூவும்,
கீழே கூட்டம் வந்தால்.
இரண்டு பருவமாய் அது வாய் திறக்கவில்லை.
ராத்திரி முழுக்க விளக்கெரித்து
டீசல் கடனைத்தான் கரை சேர்க்கிறார்.

சகுமாவுக்கு இதில் பாதிதான் புரிந்தது.
நோயாளி அட்டையில் கணவாய்க்குக் கட்டமில்லை.
பூஜ்யம் தொட்டாள், அரை பின்வாங்கினாள்.
அப்பால் எலும்பு, ரத்தம், விழித்திருக்கிற நருமி.
இப்பாலோடு நிற்பதற்குத்தான் சம்பளம்.
ஊசியை எடுத்து அளவுகோலில் வைத்தாள்.
இருபத்தொன்றரை.
மிஃபுயு எழுதிக்கொண்டாள்.

"இன்னும் இரண்டு கால்வாய் இருக்கிறது."

நருமி கண்ணை மூடினார்.
பிறகு, மூடிய கண்ணோடே
கட்டைவிரலை மேல்நோக்கி ஆட்டினார்:
சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள்.