கடப்பவர் கணக்கு

கொருக்குப்பேட்டையில்
கால்வாய்க்கு இந்தப் பக்கம் மைதானம்,
அந்தப் பக்கம் பூங்காவும் நூலகமும்.
நடுவே புதுப் பாலம்.
எனக்கு அஞ்சு நாள் வேலை.
படிக்கட்டருகே பிளாஸ்டிக் நாற்காலி,
உள்ளங்கையில் ஒரு கிளிக்கர்,
கடக்கிற ஆளுக்கு ஒரு அழுத்து.

குழந்தை இடுப்பில் இருந்தால்?
"நடக்குறவங்க மட்டும்" என்றார் ஜோயல் சார்
ஹெல்மெட்டைக் கழற்றாமலே.
அப்படி முதல் நாளே எழுபது பேர்
கணக்கில் வராமல் போனார்கள்
அம்மாக்களின் தோளில் எச்சில் ஒழுக்கியபடி.

காலை ஆறுக்கு ஃபுட்பால் பையன்கள்.
பந்து முன்னால் போகும்,
பின்னால் பதினொன்றோ பதிமூன்றோ.
பாலம் குலுங்கும்.
குலுங்கினால்தான் நல்லதாம், சார் சொன்னார்.
காசிமேட்டிலிருந்து அன்னக்கூடையோடு வரும் தேசம்மா
இதை நம்பவில்லை.
கைப்பிடியை விடாமல் கடக்கிறாள்.
அவள் பிடித்த இடமெல்லாம்
செதில் மின்னுகிறது.

பரீட்சைக்குப் படிக்கிற பெண்களுக்கு
முன்பு கேட்டைச் சுற்றி இருபத்தைந்து நிமிஷம்,
இப்போது மூன்று.
மிச்ச இருபத்திரண்டை
நடுப்பாலத்தில் நின்று பேசியே தீர்க்கிறார்கள்.

மூன்றாம் நாள்தான் கவனித்தேன்.
பதினொரு மணி வெயிலில் ஒரு அம்மாள்
பாதி வரை போய்
கம்பிக்கு வெளியே தலைநீட்டிக் கீழே பார்த்து
திரும்பி வந்துவிடுகிறாள்.
கடந்தால்தானே கணக்கு.

மறுநாள் கேட்டேன்.
பெயர் மங்காவரம்.
"பெரும்பாக்கத்துலேர்ந்து வரேன், ரெண்டு பஸ்சு.
அந்த மூணாவது தூண் கீதுல்ல,
அங்கதான் என் அடுப்பு இருந்துச்சு."
கொஞ்சம் நின்று,
"தூணு நல்லாத்தான் நிக்குது" என்றாள்.

அவள் போன பிறகு எட்டிப் பார்த்தேன்.
மஞ்சள் பெயின்டில் 3.
கறுப்புத் தண்ணீர்.
மிதந்தும் மிதக்காமலும் ஒற்றைச் செருப்பு.

ஐந்தாம் நாள்
அவள் பாதியில் திரும்பும்போது
ஒரு அழுத்து அழுத்தினேன்.
யோசித்து, இன்னொன்று.
"அது இன்னாது சத்தம்?"
"கணக்கும்மா."
"எதுக்கு?"
எனக்குத் தெரியவில்லை.
ஜோயல் சாருக்கும் தெரிந்திருக்காது.

அஞ்சு நாளும் சேர்த்து 9416.
குறித்துக்கொண்டு அவர் திருகைத் திருப்ப
நாலு பூஜ்யம் வந்து நின்றன.
சம்பளம் ஜிபேயில் ஏறியது.

ராத்திரி தூக்கத்தில்
என் கட்டைவிரல் மட்டும்
அழுத்திக்கொண்டே இருந்ததாம்.
பக்கத்தில் படுத்திருந்த தங்கை
எத்தனை என்று எண்ணிப் பார்த்திருக்கிறாள்,
எண்பதோ என்னவோ,
அதற்குள் அவளும் தூங்கிவிட்டாள்.